அல்லிக்குளத்துக் கைப்பிடிக் கம்பி

அம்சம் அக்கா எழுதிக் கொடுத்த மனுவுக்கு எண் போட்டவள் நான்தான். ஐப்பசி மாதம், முதல் மழை விட்ட மறுநாள். நகராட்சி அலுவலகத்தில் அப்போது எனக்குத் தபால் பிரிவு. வருகிற மனுவில் முத்திரை குத்தி, தேதி போட்டு, எந்தப் பிரிவுக்கு உரியதோ அந்தத் தட்டில் வைத்துவிட வேண்டும். அதற்குமேல் அதில் எனக்கு வேலை இல்லை.

கோடு போட்ட தாளில் நான்கே வரி. ‘ஐயா, அல்லிக்குளம் பூங்காவில் குளத்தைச் சுற்றியுள்ள கைப்பிடிக் கம்பியில் கரண்டு வருகிறது. மழை பெய்தால் வருகிறது. பிள்ளைகள் பிடிக்கிறார்கள். உடனே பார்க்கவும்.’

“யாருக்காவது அடிச்சுதாக்கா?” என்று கேட்டேன்.

“எனக்குத்தான். நேத்து சாயங்காலம் சருகு அள்ளிக்கிட்டே கம்பியப் புடிச்சேன். முழங்கை வரைக்கும் ஆயிரம் கட்டெறும்பு ஏறுன மாதிரி இருந்துச்சு வல்லிம்மா.”

முத்திரையைக் குத்தினேன். பொறியியல் பிரிவின் தட்டில் போட்டேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அம்சம் அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். சர்க்கரை வந்த பிறகு தினமும் மாலையில் அல்லிக்குளத்தைச் சுற்றி நடப்பவள் நான். இரண்டு வருடம் முன்புவரை அது ஆகாயத்தாமரை மூடிக் கிடந்த குளம். தூர்வாரி, கரையைக் கட்டி, ஓடு பதித்து நடைபாதை போட்டு, ஊஞ்சல், சறுக்குமரம், நடுவில் நீரூற்று எல்லாம் வைத்து நகராட்சி அதைப் பூங்காவாக்கியது. நடைபாதை ஓரமாக நாற்பது இரும்பு விளக்குக் கம்பங்கள். கம்பத்துக்குக் கம்பம் பளபளவென்று எவர்சில்வர் கைப்பிடிக் கம்பி. பராமரிப்பும் அந்த வேலையை எடுத்துச் செய்த ஒப்பந்தக்காரரிடமே போனது. ஒப்பந்தக்காரரின் ஆள்தான் அம்சம் அக்கா. காக்கிச் சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு காலை ஐந்தரைக்கு வருவார். கோரைப்புல் பிடுங்குவது, குளத்தில் மிதக்கும் சிப்ஸ் கவர்களை வலைபோட்டு அரிப்பது, ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் விடுவது எல்லாம் அவர்தான். யாரும் கேட்காமலே இட்லிப்பூவும் நந்தியாவட்டையும் பதியன் போட்டு வளர்த்திருந்தார். ஊஞ்சலுக்குச் சண்டை போடும் பிள்ளைகளிடம், “ஆளுக்கு இருபது ஆட்டம். எண்ணு பாப்பம்” என்பார். அவர்களும் எண்ணுவார்கள்.

சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். நடவும் களையெடுப்புமாக வளர்ந்தவர். கணவர் இளையபெருமாள் ஏழு வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் தண்ணீர் பார்க்கப் போனார். பக்கத்து வயல்காரர் எலிக்காக வரப்போரம் மின்கம்பி இழுத்திருந்தார். சேற்றில் வழுக்கி அதன்மேல் விழுந்தவர் எழவில்லை. தூக்கப் போன அம்சம் அக்காவையும் அது ஒரு தடவை உதறித் தள்ளியது. அதன் பிறகு அந்த ஊரில் இருக்கப் பிடிக்காமல் மகள் மலர்க்கொடியைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். மகள் இப்போது திருவாரூரில் நர்சிங் படிக்கிறாள்.

இந்தக் கதை பூங்காவில் நடப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

மனு கொடுத்த நான்காம் நாள் எலக்ட்ரீஷியன் வந்தார். மழை விட்டு நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நடைபாதை காய்ந்து சுட்டது. விளக்கைப் போட்டுவிட்டுக் கம்பம் கம்பமாக டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எதிலும் எரியவில்லை. வெறும் கையால் கம்பியைப் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

“எங்கக்கா கரண்டு? சொல்லுங்க, வீட்டுக்குப் புடிச்சிட்டுப் போறேன்” என்றாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

“மழை பெய்யயில வந்து பாருங்க தம்பி.”

“மழை பெய்யயில கம்பத்துல கை வைக்கச் சொல்றீங்களே. நல்ல ஆளுக்கா நீங்க.”

பூங்கா வேலைக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர் ராம்கி. முப்பது வயது இருக்கும். கெட்டவர் இல்லை. மனுவின் ஓரத்தில் ‘ஆய்வு செய்யப்பட்டது, குறைபாடு இல்லை’ என்று எழுதி என்னிடம் திருப்பித் தரும்போது, “பாவம் மேடம். அந்தம்மாவுக்கு மனசுல அந்தப் பயம் போகல” என்றார். உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அடுத்த மழைக்குப் பிறகு ஏழாவது கம்பத்தடியில் தவளைகள் செத்துக் கிடந்தன. நான்கைந்து இருக்கும், வெள்ளை வயிறு மேலே தெரிய. அம்சம் அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்கடுத்த வாரம் ஒரு நாய். பூங்காவிலேயே திரிந்து, அவர் போடும் சோற்றைத் தின்று வளர்ந்த செவலை நாய். அதே கம்பத்தின் கீழ் கால்கள் விறைத்துக் கிடந்தது. எலி மருந்து தின்றிருக்கும் என்றார் குப்பை வண்டிக்காரர். தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை நான் இரண்டாவது சுற்று நடக்கும்போது அம்சம் அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“வல்லிம்மா, ஒன்னு கேக்குறேன். மறைக்காம சொல்லுங்க. எனக்குத்தான் அப்பிடித் தோணுதா? எல்லாரும் சொல்றாங்களே. கம்பியப் பாத்தாலே எனக்குக் கை நடுங்குது. அதனாலதான் அடிச்ச மாதிரி இருக்கோ?”

என் சொந்த ஊர் குடவாசல் பக்கம். எங்கள் அப்பாவும் ஒரு சம்பாப் பட்டத்தில் எலிக்குக் கம்பி இழுத்திருக்கிறார். காலையில் போய் வயரைக் கழற்றும்வரை யாரும் வரப்பில் இறங்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைப்பார். வீட்டில் இருக்கிற எங்களுக்குச் சொன்னார். வயலுக்கு வருகிறவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று நான் அந்த வயதில் கேட்டதில்லை. அம்சம் அக்காவிடம் அதையெல்லாம் சொல்லவில்லை. “மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்கக்கா. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு மகளப் பாத்துட்டு வாங்க” என்றேன்.

அவர் லீவு போடவில்லை. மறுநாள் பழைய புடவையைக் கிழித்துக் கயிறாகத் திரித்து, ஆறாவது கம்பத்திலிருந்து பத்தாவது கம்பம்வரை குறுக்கே கட்டி யாரும் கம்பியை நெருங்க முடியாமல் செய்தார். அந்தப் பக்கம் செடிகளுக்குத் தண்ணீர் விடுவதையும் நிறுத்தினார். ஈரம் படக் கூடாது என்பது அவர் கணக்கு. ஆனால் வானம் அவர் கணக்குக்குக் கட்டுப்படுமா? நடப்பவர்களில் யாரோ கந்தல் கயிற்றைப் படம் எடுத்து வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். ‘லட்சக்கணக்கில் செலவழித்த பூங்காவின் அழகைப் பாரீர்.’ ஒப்பந்தக்காரர் போனில் கத்தினார். கயிற்றை அவிழ்த்த கையோடு அம்சம் அக்கா என் மேசைக்கு வந்து இரண்டாவது மனுவைக் கொடுத்தார். அதற்கும் எண் போட்டேன். அதே தட்டு. இந்த முறை எலக்ட்ரீஷியன்கூட வரவில்லை.

நவம்பர் பதினான்காம் தேதி குழந்தைகள் தின விழாவைப் பூங்காவில் நடத்துவதாக முடிவாயிற்று. நீரூற்றுக்கு எதிரே மேடை. நகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் குளத்தைச் சுற்றிக் கைப்பிடிக் கம்பி ஓரமாகத் தாமரைப் பூ பிடித்து நின்று ஆட வேண்டும். வெறுங்காலில். ஒத்திகை முந்தின நாள் மாலை.

அன்று மதியம் முழுக்க மழை கொட்டியது. ஐந்து மணிக்கு விட்டது. நான் பூங்காவுக்குப் போனபோது ஆறு ஆகப் போகிறது. வாசலில் சீருடைப் பிள்ளைகள் கையில் காகிதப் பூக்களோடு கூட்டமாக நின்றார்கள். கேட் உள்பக்கமாகச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. உள்ளே அம்சம் அக்கா. காக்கிச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு, சாவி இடுப்பில்.

“தெறங்கம்மா, லேட்டாகுது” என்று கேட்டுக்கொண்டிருந்தார் ஆயிஷா டீச்சர். பிள்ளைகளை அழைத்து வந்தவர் அவர்தான்.

“தெறக்க மாட்டேன் டீச்சர். மன்னிச்சுக்குங்க. லைட்டு எரியிற நேரம்.”

விளக்குகள் தானாகவே ஆறு மணிக்கு எரிந்து காலை ஆறு மணிக்கு அணையும். பெட்டியின் சாவி எலக்ட்ரீஷியனிடம். அம்சம் அக்கா சொல்லி முடிப்பதற்குள் நாற்பது கம்பங்களும் ஒன்றாக எரிந்தன. ஈர நடைபாதை முழுக்க வெளிச்சம். பிள்ளைகள் “ஹோ” என்று கத்தினார்கள்.

ராம்கி பைக்கில் வந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது. “என்னக்கா இது? நாளைக்குச் சேர்மன் வர்றாரு. சாவியக் குடுங்க.”

“நீங்க மட்டும் உள்ள வாங்க சார்.” அம்சம் அக்கா சின்னக் கதவை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து அவரை விட்டுவிட்டு மீண்டும் பூட்டினார். நானும் டீச்சரும் கேட் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழாவது கம்பம் வாசலிலிருந்து இருபதடிதான்.

“சார், சூவக் கழட்டுங்க. வெறுங்கால்ல நின்னு அந்தக் கம்பிய ஒரு தடவ தொட்டுடுங்க. நான் இப்பவே கேட்டத் தெறந்துடுறேன். பிள்ளைங்க கால்ல விழுந்து மன்னிப்பும் கேக்குறேன்.”

“வெளையாடுறீங்களா?”

“பிள்ளைங்க வெறுங்கால்லதான சார் நிக்கப் போவுது.”

ராம்கி குனிந்தார். வலது காலின் நாடாவைப் பிடித்தார். அப்படியே கம்பியைப் பார்த்தார். அதன்மேல் மழைத்துளிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே ஓட்டின்மேல் ஒரு விரல் தண்ணீர். நாடாவை அவிழ்க்காமலே நிமிர்ந்தார்.

“இதெல்லாம் ஒரு பேச்சா? நான் எதுக்குக் கழட்டணும்?” என்றார். குரல் முன்போல இல்லை.

ஆயிஷா டீச்சர் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “எல்லாரும் லைன்ல நில்லுங்க. ஸ்கூலுக்குப் போறோம்.” விழா மறுநாள் பள்ளி அரங்கில் நடந்தது. மழையைக் காரணம் சொன்னார்கள்.

அம்சம் அக்காவுக்கு அன்றிரவே போன் வந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம். ஒப்பந்த வேலைக்கு அதற்குமேல் ஒரு கடிதமும் கிடையாது.

அவர் இடத்தில் தங்கமணி என்பவர் வந்தார். ஐம்பது வயது. அரவை மில்லில் மூட்டை தூக்கி முதுகு போனவர். முதல் நாள் காலை அம்சம் அக்கா கேட்டுக்கு வெளியே அவருக்காகக் காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஏழாவது கம்பம், மழை, விளக்கு எரியும் நேரம். தங்கமணி அலட்சியமாக இருந்ததாகச் சொல்ல முடியாது. தன் காசில் ரப்பர் பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டார். கம்பியைத் துடைக்கவே மாட்டார். ஆனால் பிறகு இரண்டு வாரம் மழையே இல்லை. பிள்ளைகள் கம்பியில் தொங்கினார்கள். காதலர்கள் சாய்ந்து நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பூட்ஸ் காலைக் கடிக்கிறது என்று தங்கமணி அதைக் கழற்றி வைத்துவிட்டார்.

நான் நடப்பதை நிறுத்தியிருந்தேன். கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன்.

கார்த்திகைக் கடைசியில் புயல் சின்னம். மூன்று நாள் விடாமல் பெய்தது. சம்பா வயல்கள் எல்லாம் மூழ்கிப் பயிரும் தண்ணீரும் ஒன்றாகக் கிடந்தன. அல்லிக்குளம் நிரம்பி நடைபாதைமேல் ஏறியது. நான்காம் நாள் காலை வடிகால் வாயில் அடைத்த சருகை இழுத்துவிடத் தங்கமணி தண்ணீரில் இறங்கியிருக்கிறார். இன்னும் விடியவில்லை, விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வழுக்கியிருக்க வேண்டும். பிடிப்பதற்குக் கைக்கு எட்டியது கம்பிதான்.

ஆறரை மணிக்குப் பால்காரர் பார்த்தபோது விளக்குகள் அணைந்திருந்தன. அதனால் தங்கமணியின் உடலைத் தூக்கியவர்களுக்கு எதுவும் அடிக்கவில்லை.

அலுவலகத்தில் நுழைந்ததுமே ராம்கி என்னைத் தனியே அழைத்தார். கண் வீங்கியிருந்தது. கையில் தட்டச்சு செய்த ஒரு தாள். ‘என் கணவருக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி உண்டு. அவரது மரணத்தில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. பிரேதப் பரிசோதனை வேண்டாம்.’ கீழே தங்கமணியின் மனைவி செந்தாமரையின் பெயர், கையெழுத்துக்கு இடம்.

“ஒப்பந்தக்காரர் குடுத்தாரு மேடம். நீங்க லேடீஸ். நீங்க சொன்னாக் கேப்பாங்க. உடம்ப அறுக்காம சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டு போகலாம்ல.”

நான் வாங்கிக்கொண்டேன். பூமாலையும் தாளுமாக ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். இருபது வருடமாக மேலிருந்து வரும் தாளை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை.

பிணவறைக்கு முன்னால் வேப்பமரத்தடியில் செந்தாமரை தரையில் உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்த முகம். பக்கத்தில் அம்சம் அக்கா. அவர் எப்படி முந்திக்கொண்டு வந்தார் என்று தெரியவில்லை. என் கையில் இருந்த தாளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். செந்தாமரையின் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, அவரு வலது கையப் பாத்தியா?”

“பாத்தேன்க்கா. உள்ளங்கையில கருப்பா, கோடு மாதிரி…”

“நெஞ்சு வலிச்சா உள்ளங்கை கருகாது தங்கச்சி.” “எங்க வீட்டுக்காரரு செத்தன்னைக்கும் இப்பிடித்தான் ஒரு பேப்பர் கொண்டாந்தாங்க. வயக்காரரு வீட்டு ஆளுங்க. பாம்பு கடிச்சுச்சுன்னு எழுதியிருந்துச்சு. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பொணத்த எடுக்கணுமே, ஊர்ல இருக்கணுமேன்னு. அப்பறம் அடுத்த வருசமே அதே வரப்புல கம்பி இழுத்தாங்க. ஒரு பொண்ணு, பன்னெண்டு வயசு, மாட்டுக்குப் புல்லறுக்கப் போனவ, திரும்பி வரல.”

அவர் ஊரைவிட்டு வந்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

செந்தாமரை என்னைப் பார்த்தார். “நீங்க என்னங்க கொண்டாந்திருக்கீங்க?”

“ஒன்னும் இல்லம்மா” என்றேன். தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தேன். “பிரேதப் பரிசோதனை வேணும்னு நீங்க எழுதிக் குடுங்க. எப்பிடி எழுதணும்னு நான் சொல்றேன்.”

அலுவலகத்துக்குத் திரும்பி, அம்சம் அக்காவின் இரண்டு மனுக்களையும் எடுத்து, முத்திரையும் தேதியும் ராம்கியின் குறிப்பும் தெளிவாகத் தெரியும்படி நகல் எடுத்தேன். மதியம் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மின்சாரம் பாய்ந்து மரணம் என்று அறிக்கை வந்தது. நடைபாதை ஓடுகளைப் பெயர்த்தார்கள். ஏழாவது கம்பத்தடியில் இரண்டு கேபிள்களை வெறும் டேப் சுற்றி இணைத்து அப்படியே மண்ணுக்குள் புதைத்திருந்தார்கள். கைப்பிடிக் கம்பிக்கு அடித்த போல்ட் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. காய்ந்திருக்கும்வரை ஒன்றுமில்லை. மண் நனைந்தால் அறுபதடிக் கம்பிக்கும் உயிர் வந்துவிடும். நாற்பது கம்பங்களில் ஒன்றுக்குக்கூட எர்த் கம்பி கொடுக்கப்படவில்லை. ராம்கியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். ஒப்பந்தக்காரர்மேல் வழக்கு நடக்கிறது. செந்தாமரைக்குச் சேர வேண்டிய நிவாரணம் வந்து சேர்ந்தது. என்னை வரிப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அல்லிக்குளம் சரிசெய்யப்பட்டுத் திறந்ததும் ஆணையர் அம்சம் அக்காவைக் கூப்பிட்டு மறுபடி வேலைக்கு வரச் சொன்னார். நானும் அங்கே இருந்தேன்.

“வர்றேன் சார்” என்றார் அம்சம் அக்கா. “இதே ஆளு வேல பாத்தது இன்னும் அஞ்சு பார்க்கு இருக்கே. அதையெல்லாம் தோண்டிப் பாத்துட்டீங்களா?”

படிப்படியாகப் பார்க்கிறோம் என்றார் ஆணையர்.

“அப்ப நானும் பாத்துட்டு வர்றேன் சார்.”

அவர் இப்போது திருக்காட்டுப்பள்ளிச் சாலையில் ஒரு நர்சரியில் கன்றுகளுக்குப் பை நிரப்புகிறார். ஐந்து பூங்காக்களில் இரண்டைத் தோண்டிவிட்டார்கள். இரண்டிலும் அதே டேப், அதே மண். மூன்று பாக்கி. அவற்றுக்கான கோப்பு கையெழுத்துக்காகக் காத்திருப்பதாகக் கேள்வி.

நேற்று இந்தப் பருவத்தின் முதல் தூறல். ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பூங்கா வழியாக வந்தேன். தோண்டாத மூன்றில் அது ஒன்று. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வாசலில் குடை இல்லாமல் அம்சம் அக்கா நின்றுகொண்டு உள்ளே போகிறவர்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சிலர் நின்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண், சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்தபடி வந்தாள். நாங்கள் இருவரும் சொல்லத் தொடங்குவதற்குள் பிள்ளையை எங்கள் பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றிக்கொண்டு, எங்களைச் சுற்றி விலகி, வேகமாக உள்ளே போனாள்.